பாலம் வந்தது 46 நாளில்... ஊர்?

புயல் வந்தால் சுற்றுலா போகிறவருக்கு என்ன நஷ்டம்? டிக்கெட் காசு போகும். ரூமுக்குக் கட்டிய அட்வான்ஸ் போகும். லீவு வீணாகும். புயல் அடித்த ஊரில் இருப்பவருக்கு என்ன நஷ்டம்? வீடு, படகு, தொழில், சில நேரம் உயிரே போகும். இரண்டுமே நஷ்டம்தான். ஆனால் முதல் நஷ்டத்தைச் சரிக்கட்ட எல்லோரும் ஓடுகிறார்கள். இரண்டாவதுக்கு மட்டும் மனுவோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி?

இதற்கு நம்ம ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தனுஷ்கோடி!

இன்று தனுஷ்கோடி என்றால் இடிந்த சர்ச், மணல், செல்ஃபி. ஒரு காலத்தில் அது இந்தியாவிலிருந்து இலங்கைக்குப் போகும் வாசல். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னை எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி வரை வரலாம். அங்கே நீராவிக் கப்பல் தயாராக இருக்கும். ஏறினால் தலைமன்னார். மறுபடி ரயில், கொழும்பு. இதற்குப் பெயரே போட் மெயில். இந்தப் பயணிகளை நம்பித்தான் அந்த ஊரில் ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், சத்திரம், கடைகள் எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு எல்லாம் முடிந்தது. இலங்கையைக் கடந்து வந்த புயல் தனுஷ்கோடியைத் தாக்கியது. அன்று இரவு பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது ராட்சத அலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. மொத்தத்தில் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்று சொல்கிறார்கள். பாம்பன் பாலத்தின் இரும்புக் கர்டர்களையும் கடல் இழுத்துக்கொண்டு போனது.

சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே 6 மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் இன்ஜினியர் 46 நாளில் முடித்துக் காட்டினார். அவர்தான் பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பேர் வாங்கிய ஈ. ஸ்ரீதரன். உண்மையிலேயே பெரிய சாதனை. ராமேஸ்வரத்துக்கு யாத்ரீகர்கள் மறுபடி ரயிலில் வந்தார்கள். இலங்கைக் கப்பலும் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட ஆரம்பித்தது. 1980-களில் இலங்கைப் போர் வந்து நிறுத்தும்வரை ஓடியது.

அதாவது பயணிகளுக்கு ரயில் திரும்பி வந்தது, கப்பலும் திரும்பி வந்தது. தனுஷ்கோடிக்காரர்களுக்கு? மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அவ்வளவுதான். புயலுக்குப் பிறகும் அங்கேயே குடிசை போட்டு மீன் பிடித்தவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். அரிச்சல்முனை வரை நல்ல தார் ரோடு வந்தது 2017-ல். 53 வருஷம் கழித்து! அதுவும் யாரை மனதில் வைத்துப் போடப்பட்டது என்று அங்கே ஞாயிற்றுக்கிழமை நிற்கிற கார்களைப் பார்த்தாலே தெரியும்.

பாலம் இல்லாமல் தீவுக்கு நிவாரணமே போகாதே, அதை முதலில் கட்டியது தப்பா என்று சிலர் கேட்பார்கள். தப்பே இல்லை. இரண்டு பக்கமும் கடல் இருக்கும் மணல் திட்டில் மறுபடி ஊரைக் கட்டுவது ஆபத்து என்பதும் நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வி. பாலத்துக்கு 6 மாதம், 3 மாதம், 46 நாள் என்று கெடு இருந்தது. பிழைப்பை இழந்த சுமை தூக்குபவருக்கும், சத்திரத்தில் சமைத்தவருக்கும், டீக்கடைக்காரருக்கும் யார் கெடு வைத்தார்கள்?

இது நம் நாட்டுக் கதை மட்டும் இல்லை. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைப் புரட்டிப் போட்டது. அந்தத் தீவின் சான் ஹுவான் துறைமுகம் சொகுசுக் கப்பல்களுக்குப் பேர் போனது. கப்பல் கம்பெனிகள் உடனே ரூட்டை மாற்றி, பயணிகளைப் புயல் தொடாத வேறு தீவுகளுக்கு அழைத்துப் போயின. அந்த வருஷம் முடிவதற்குள் சான் ஹுவானுக்கும் கப்பல்கள் திரும்பிவிட்டன. ஆனால் தீவு மக்கள் எல்லோருக்கும் மின்சாரம் திரும்பி வர ஏறத்தாழ 11 மாதம் ஆனது. கப்பலில் விளக்கு எரிய, கரையில் மெழுகுவர்த்தி!

கப்பலுக்குச் சக்கரம் இல்லாமலே ரூட் மாற்ற முடியும். ஊரால் நகர முடியாது. பயணிக்கு நூறு இடம் இருக்கிறது, ஊருக்குப் பயணி ஒருவர்தான் இருக்கிறார். இந்தச் சின்ன கணக்கைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

கடலே இல்லாத கொல்லிமலைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால்தான் மலை. ஒரு விதத்தில் இதுவும் தீவுதான். கனமழை பெய்து ஆகாய கங்கையில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. நியாயமான தடை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. வந்தவர்கள் "சே, ட்ரிப் வேஸ்ட்" என்று சொல்லி ஏற்காட்டுக்கோ வேறெங்கோ வண்டியைத் திருப்புவார்கள். ஆனால் அரப்பளீஸ்வரர் கோவில் பக்கம் அன்னாசிப்பழம் வெட்டி மிளகாய்ப்பொடி தூவி விற்கிற அக்கா எங்கே திரும்புவார்? பழம் அடுத்த வாரம் வரை காத்திருக்காது. சோளக்காட்டுச் சந்தைக்கு வருகிற பலாப்பழமும் அப்படித்தான். அவருக்கு ரீஃபண்ட் தருகிற கவுண்டர் எங்கேயும் இல்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? மூன்றே விஷயம்.

ஒன்று, எச்சரிக்கை இருக்கும்போது போகவே கூடாது. "மழையில மலை சூப்பரா இருக்கும்" என்று கிளம்புகிறவர்கள் மீட்புக்கு வருகிறவர்களின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்கள்.

இரண்டு, கேன்சல் செய்யாதீர்கள், தள்ளி வையுங்கள். கட்டிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பதற்குப் பதிலாக வேறு தேதி கேட்கலாம். ரோடு திறந்தாச்சு என்று அறிவித்த பிறகும் பயத்தில் மாதக்கணக்கில் ஒதுங்கி இருப்பதுதான் அந்த ஊருக்கு விழுகிற இரண்டாவது அடி. முதல் அடி இயற்கை கொடுத்தது. இரண்டாவதை நாம்தான் கொடுக்கிறோம்.

மூன்று, அரசு சேதக் கணக்கு எடுக்கும்போது இடிந்த சுவரையும் சாய்ந்த மரத்தையும் மட்டும் எண்ணாமல், நின்றுபோன வியாபாரத்தையும் எண்ண வேண்டும். தள்ளுவண்டிக்கு பேலன்ஸ் ஷீட் கிடையாது. அதனால் நஷ்டமே இல்லை என்று ஆகிவிடுமா?

46 நாளில் கடலுக்கு நடுவே பாலத்தை நிமிர்த்திய நாடு இது. நம்மால் முடியாது என்று சொல்ல வழியே இல்லை. யாருக்காக அவசரப்படுகிறோம் என்பதுதான் கேள்வி.

அடுத்த முறை தனுஷ்கோடியில் அந்த இடிந்த சர்ச் முன்னால் போட்டோ எடுக்கும்போது ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அந்த ஊரை வாழ வைத்தது நம்மைப் போல வந்துபோன பயணிகள்தான். புயலுக்குப் பிறகு அவர்கள் வேறு வழியில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?