இருபது வயதின் பல பதில்கள்

2015 மே மாதம் மூன்றாவது வாரம். டப்ளினுக்குச் சென்ற விமானங்களிலும் வேல்ஸ் கரையிலிருந்து புறப்பட்ட கப்பல்களிலும் வழக்கத்துக்கு மாறான கூட்டம். பிழைப்புத் தேடி வெளிநாடு போயிருந்த அயர்லாந்து இளைஞர்கள் ஓட்டுப் போட ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தபால் ஓட்டு வசதி கிடையாது, நேரில் வந்தாக வேண்டும். மே 22ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளலாம் என்று 62 சதவீதத்தினர் சம்மதம் சொன்னார்கள். 1993 வரை இரண்டு ஆண்களின் உறவைக் குற்றமாக வைத்திருந்த அந்தக் கத்தோலிக்க நாடு, மக்களின் ஓட்டால் இதை ஏற்றுக்கொண்ட உலகின் முதல் நாடானது.

அதே நாளில் வாக்காளர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடும் குறைந்தபட்ச வயதை 35லிருந்து 21ஆகக் குறைக்கலாமா? கூடாது என்றார்கள் 73 சதவீதத்தினர். இளைஞர்கள் விரும்பிய சட்டத்துக்குத் தலையாட்டிய நாட்டுக்கு, இளைஞர்களை நாற்காலியில் உட்கார வைக்க மனம் வரவில்லை!

அந்த வெற்றிக்குப் பிறகு ஒரு நம்பிக்கை உலகெங்கும் வேரூன்றியது. பெரியவர்கள் போய்ச் சின்னவர்கள் வர வேண்டியதுதான், தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்களின் உரிமைகள் தானாகவே கிடைத்துவிடும் என்பதுதான் அது. காலண்டரைக் கிழித்துக்கொண்டு காத்திருந்தால் போதும்.

கணிப்புகள் இதற்குப் பாதி ஆதாரம்தான் தருகின்றன. ப்யூ ஆய்வு மையம் 2019இல் 34 நாடுகளில், ஓரின ஈர்ப்பைச் சமூகம் ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டது. தென் கொரியாவில் 30 வயதுக்குட்பட்டவர்களில் 79 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 50ஐத் தாண்டியவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 23 சதவீதம்தான். ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்காரும் இரண்டு தலைமுறைகளுக்கு நடுவே 56 புள்ளி இடைவெளி. ஜப்பானில் இளைஞர்கள் 92, பெரியவர்கள் 56.

ஆனால் அதே கணிப்பில் நைஜீரியாவின் மொத்த ஆதரவே 7 சதவீதம், இந்தோனேசியாவில் 9. இரண்டுமே இளைஞர்கள் நிறைந்த நாடுகள். மொத்தமே இவ்வளவுதான் என்றால் இளைஞர்கள் மட்டும் பெரிதாக வேறு பதில் சொல்லியிருக்க முடியாது. உகாண்டாவில் ஏறக்குறைய பாதி ஜனங்கள் 18 வயதை எட்டாதவர்கள். அந்த நாடுதான் 2023 மே மாதம், ஓரின உறவுக்கு ஆயுள் தண்டனையும் சில சூழ்நிலைகளில் மரண தண்டனையும் விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பார்லிமென்ட்டில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆப்பிரிக்கக் கலாசாரத்தைக் காப்பாற்றுவதாகப் பேசப்பட்டது. அந்த நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் 'இயற்கைக்கு மாறான' உறவு பற்றிய பிரிவை எழுதிவைத்துவிட்டுப் போனதே பிரிட்டிஷ்காரர்கள்தான். நம்முடைய 377ஆம் பிரிவுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

ஆக, வயது மட்டும் காரணமில்லை. இருபது வயதுக்காரர் என்ன பதில் சொல்கிறார் என்பது, பத்து வயதில் அவர் காதில் என்ன விழுந்தது என்பதைப் பொறுத்தது. இதைத் தைவானைவிடத் தெளிவாகக் காட்டும் நாடு இல்லை.

2000 ஏப்ரல் மாதம். தைவானின் தென்கோடியில் உள்ள பிங்டுங் பகுதிப் பள்ளி ஒன்றின் கழிப்பறையில் ஒரு மாணவன் ரத்த வெள்ளத்தில் கிடந்தான். பிறகு இறந்துபோனான். பெண்மை கலந்த நடை, பேச்சு. அதற்காக மற்ற பையன்கள் அவனைப் படுத்திய பாட்டில், இடைவேளையில் கழிப்பறைக்குப் போகவே பயந்து, வகுப்பு நடக்கும்போதே அனுமதி வாங்கிக்கொண்டு தனியாகப் போய்வருவான். அன்றும் அப்படிப் போனவன்தான். அந்த மரணம் நாட்டை உலுக்கியது. அதன் விளைவாக 2004இல் பாலினச் சமத்துவக் கல்விச் சட்டம் வந்தது. ஆணென்றும் பெண்ணென்றும் போட்ட அச்சில் அடங்காத பிள்ளைகளையும் மதிக்க வேண்டும் என்பது பாடமானது.

அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு 2018இல் வயது 20. அந்த நவம்பரில்தான் தைவானில் இது குறித்துப் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்கெடுப்புகளில் ஓட்டுப் போடும் வயதும் அதற்குச் சற்று முன்புதான் 18ஆகக் குறைக்கப்பட்டிருந்தது. பாடம் படித்த பிள்ளைகள் ஓட்டுச் சாவடிக்கு வந்துவிட்டார்கள், ஆனாலும் தோற்றார்கள். சிவில் சட்டப்படி திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்ற முன்மொழிவுக்கு 72 சதவீதம் ஓட்டு விழுந்தது. எதிர்ப்பாளர்கள் கேட்ட கேள்விகளில் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிகளில் ஓரின ஈர்ப்பு பற்றிய கல்வி கூடாது என்பது அது. அதுவும் ஜெயித்தது. எங்கே அடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காப்பாற்றியது நீதிமன்றம். ஒரே பாலினத்தவருக்குத் திருமணத்தை மறுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 2017 மே மாதமே தைவான் அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லி, இரண்டு வருட கெடுவும் விதித்திருந்தது. வாக்கெடுப்பால் அதை மீற முடியாது. எனவே 2019 மே 17ஆம் தேதி பார்லிமென்ட் சட்டம் இயற்றியது. யாரையும் சீண்டக் கூடாதே என்று, சட்டத்தின் தலைப்பில் திருமணம் என்ற சொல்லே வராமல், நீதிமன்ற விளக்கத்தின் எண்ணான 748ஐப் பெயராக வைத்தார்கள். அரசாங்கத்தின் சொந்தக் கணிப்பின்படி 2018இல் சுமார் 37 சதவீதமாக இருந்த ஆதரவு 2021இல் 60ஐ எட்டியது. மூன்றே ஆண்டுகளில் ஒரு நாட்டின் கிழவர்களெல்லாம் மாறி இளைஞர்கள் வந்துவிடவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொண்டு குடியிருப்பதைப் பார்த்துப் பழகிய பெரியவர்களும் மனம் மாறினார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

ரஷ்யா இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 2013இல், சிறுவர்களிடையே இது பற்றிப் 'பிரசாரம்' செய்வது சட்டவிரோதமானது. 2022 டிசம்பரில் அந்தத் தடை எல்லா வயதினருக்கும் நீட்டிக்கப்பட்டது. 2023 நவம்பரில் ரஷ்ய சுப்ரீம் கோர்ட் இதை ஒரு சர்வதேசத் தீவிரவாத இயக்கமாகவே அறிவித்தது. சிறுவர்கள் பெயரால் தொடங்கிய தடை பத்தே வருடங்களில் தாத்தாக்கள் வரை வந்துவிட்டது. இந்த வாய்ப்பூட்டு ரஷ்யாவின் கண்டுபிடிப்பும் அல்ல. மார்கரெட் தாட்சரின் பிரிட்டனில் 1988இல் வந்த 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் ஓரின ஈர்ப்பை 'ஊக்குவிக்க'த் தடை விதித்தது. இங்கிலாந்தில் அது நீக்கப்பட்டது 2003இல்தான். அதற்கு முந்தைய வருடமான 1987இல், எய்ட்ஸ் பீதியின் உச்சத்தில், ஓரின உறவு எப்போதுமே தவறு என்று சொன்ன பிரிட்டிஷ்காரர்கள் 64 சதவீதம். 1983இல் அது 50 சதவீதம்தான். கருத்து முன்னோக்கியே ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அமெரிக்காவிலும் இப்போது அதுதான் தெரிகிறது. கேலப் கணிப்புகளின்படி ஓரினத் திருமணத்துக்கான ஆதரவு 1996இல் 27 சதவீதம், 2022இல் 71. ஆனால் 2025இல் 68. ரிபப்ளிகன் கட்சிக்காரர்களிடையே சில வருடங்களுக்கு முன் 55 வரை போனது 41ஆக இறங்கிவிட்டது. பல நாடுகளில் இளைஞர்களுக்குள்ளேயே கோடு விழுந்திருக்கிறது. இளம் பெண்கள் ஒரு பக்கம், அவர்களைவிடத் தயங்கும் இளம் ஆண்கள் மறு பக்கம்.

ஆதரவு இருந்தாலும் அது சட்டமாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அந்த 92 சதவீத இளைஞர்களைக் கொண்ட ஜப்பானில் 2021 முதல் பல நீதிமன்றங்கள் திருமண மறுப்பு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்துவிட்டன. பார்லிமென்ட் அசையவில்லை. தென் கொரியாவில் பாரபட்சத்தைத் தடுக்கும் மசோதா 2007 முதல் கிடப்பில் கிடக்கிறது. ஒரே பாலினத் துணைவருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு என்பதையே 2024 ஜூலையில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இந்தியாவில் நிலைமை எப்படி? டில்லியைச் சேர்ந்த சிஎஸ்டிஎஸ் அமைப்பு 2016இல் 19 மாநிலங்களில் 15 முதல் 34 வயது வரையிலான ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் கேட்டபோது, ஓரின உறவை ஏற்றுக்கொண்டவர்கள் நால்வரில் ஒருவர்தான். ப்யூவின் கணிப்பில் மொத்த இந்தியர்களின் ஆதரவு 2014இல் 15 சதவீதம், 2019இல் 37. அதே அமைப்பு 2023இல் திருமண உரிமை பற்றிக் கேட்டபோது 53 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். கேள்விகள் வேறு, முறைகள் வேறு, எனவே இவற்றை ஒரே ஏணியின் படிகளாக அடுக்குவது சரியல்ல. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது புரிகிறது.

காற்றடிக்கக் காரணமானவர்களில் இளைஞர்களும் உண்டு. 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் 377ஆம் பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுத்த பிறகு, 2018 மே மாதம் வழக்குத் தொடுத்தவர்களில் ஐஐடிக்களின் மாணவர்களும் முன்னாள் மாணவர்களுமாக 20 பேர் இருந்தார்கள். தங்கள் பெயரையும் அடையாளத்தையும் கோர்ட் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது அப்போது சாதாரணக் காரியமல்ல. தோற்றிருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகியிருக்கும். செப்டம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, வயது வந்தவர்கள் சம்மதத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றார்கள். திருமணத்துக்கு 2023 அக்டோபரில் கதவு சாத்தப்பட்டது. அது பார்லிமென்ட்டின் வேலை என்றது கோர்ட். நகரத்து மேட்டுக்குடிகளின் கோரிக்கை என்றிருந்தது மத்திய அரசு.

மேட்டுக்குடி வாதம் சௌகரியமானது. ஆனால் சென்னைக்கு ஓடிவந்து உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்ட மதுரை இளம் பெண்கள் இருவர் அந்தக் கட்டத்துக்குள் அடங்க மாட்டார்கள். 2021 ஜூன் மாதம் அந்த வழக்கில் உத்தரவிட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பேசியதை வெளிப்படையாகச் சொன்னார். ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். இந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், ஏளனம் தொனிக்காத தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. தங்களைக் குறிக்கப் போலீஸ் செய்தியில் வரும் வார்த்தையைத் தவிர வேறு வார்த்தை இல்லாத பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பாடப் புத்தகம்தான் நகர மறுக்கிறது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி நடத்த வேண்டும் என்று ஆசிரியர்களுக்காக என்சிஇஆர்டி 2021இல் ஒரு கையேட்டை வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அது இணையதளத்திலிருந்து மறைந்துவிட்டது. 2024 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில், பெண்களுக்கு இடையிலான உறவு 'இயற்கைக்கு மாறான குற்றங்கள்' வரிசையில் மீண்டும் இடம்பிடித்தது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. கூச்சல் எழுந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு தலைமுறை டாக்டர்கள் எதைப் படித்துவிட்டு வருவார்கள் என்பது இப்படி ஒரு செப்டம்பர் மாதச் சுற்றறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்திய இளைஞரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, உரிமை பற்றிக் கேட்பதாக நினைப்பது கணிப்பாளர் மட்டுமே. பதில் சொல்பவருக்கு அது வீட்டைப் பற்றிய கேள்வி. இங்கே பெரும்பாலான கல்யாணங்களைப் பெற்றோர்தான் பார்த்து முடிக்கிறார்கள். சிநேகிதன் ஒருவன் தன்னைப் பற்றிச் சொன்னால் தோளில் தட்டிக்கொடுக்கத் தயாராக இருக்கும் பையன்கள் கல்லூரிகளில் நிறையவே இருக்கிறார்கள். தங்கை சொன்னால் என்ன செய்வார்கள் என்று கேட்கும் கணிப்பு எதுவும் வருவதில்லை.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஆட்கொணர்வு மனுவில் அந்தக் கேள்வி வேறு உருவில் வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் குடும்பத்தார் வீட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். மனு செய்தவர் அவருடைய தோழி. மகள் கெட்டுப்போனதற்கு அந்தத் தோழிதான் காரணம் என்றார் தாய். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் அந்தப் பெண்ணிடமே கேட்டார்கள். தனக்குத் தோழியுடன் உள்ள உறவை அவர் மறைக்கவில்லை. வீட்டில் தன்னை அடித்ததாகவும், 'சரிசெய்ய'ச் சடங்குகள் நடத்தியதாகவும் சொன்னார். போலீசாரின் மெத்தனத்தை நீதிபதிகள் கண்டித்தார்கள். திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாவிட்டாலும் இருவர் சேர்ந்து ஒரு குடும்பமாக வாழ முடியும் என்று தீர்ப்பில் எழுதினார்கள். அந்தப் பெண் விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்றார்கள். குடும்பத்தார் குறுக்கிடக் கூடாது என்றும், தேவைப்படும்போது போலீஸ் பாதுகாப்பு தர வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.