விதைக்கும் நாளைச் சாப்பிடும் நாளிலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பை ஒட்டி ஐந்து சென்ட் இடத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் உண்டு. சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கு அன்று வெண்டை, கத்தரி, தக்காளி, கீரை என்று வாங்கி வைத்திருந்த எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டேன். கத்தரி, தக்காளி நாற்று மழையில் அழுகிவிட்டது. ஆவணியில் கீரை அறுத்து மாளவில்லை. புரட்டாசியில் வெண்டை கூடை கூடையாக வந்து பாதி முற்றிப் போனது. கார்த்திகையில் பாத்தி எல்லாம் காலி. பழையபடி காசு கொடுத்துத்தான் காய் வாங்கினேன். "வரும் பொங்கலுக்குள் ஒழுங்காகக் காய் வரவில்லை என்றால் அந்த இடத்தில் மாட்டுக்கு கோ-5 புல் போட்டுவிடுவேன்" என்கிறார் வீட்டுக்காரர். நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, ஆனைமலை

பதில்: சகோதரி, உங்கள் மண்ணிலும் குறையில்லை, உழைப்பிலும் குறையில்லை. எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டதுதான் சிக்கல்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நல்ல வாக்குத்தான். ஆனால் அது மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு வெள்ளாமை எடுக்கும் மானாவாரிக் காட்டுக்குச் சொன்னது. கிணற்றுப் பாசனம் உள்ள வீட்டுத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் விதைக்கலாம். வயலில் அறுவடை ஒரே சமயத்தில் வந்தால் லாபம். வீட்டுத் தோட்டத்தில் அப்படி வந்தால் நஷ்டம். நமக்கு வேண்டியது வாரா வாரம் கொஞ்சம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். காய்கறிச் செடிக்குத் தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ஏழு வயதுக்கு உட்பட்ட தென்னையின் நடுவிலும், இருபது வயதைத் தாண்டிய தென்னையின் நடுவிலும் வெளிச்சம் இறங்கும். இடைப்பட்ட வயதில் ஓலைகள் கூடி நிழல் கட்டிக்கொள்ளும். அங்கே தீவனப்புல்தான் பொருத்தம். ஐந்து சென்டில் எந்தப் பகுதி அப்படி நிழலில் இருக்கிறதோ, அதைப் புல்லுக்கு விட்டுக்கொடுங்கள். வெயில் விழும் பகுதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டுக்கும் ஆயிற்று, வீட்டுக்கும் ஆயிற்று.

முருங்கை, கறிவேப்பிலை, பந்தல் மூன்றையும் வடக்கு ஓரத்தில் வையுங்கள். ஐப்பசி முதல் மாசி வரை வெயில் தெற்கே சாய்ந்து வருவதால், அவற்றின் நிழல் பாத்திகள் மேல் விழாது. மீதி இடத்தை நான்கு அடி அகலம், பத்து அடி நீளம் கொண்ட மேட்டுப்பாத்திகளாகப் பிரியுங்கள். ஆனைமலைக்குத் தென்மேற்குச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. அரை அடி உயர்த்திய பாத்திதான் இரண்டையும் தாங்கும்.

பின்னோக்கி எண்ணும் கணக்கு

எந்த மாதம் எந்தக் காய் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். அங்கிருந்து நாளைப் பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் கிடைக்கும். இதற்குத் தெரிந்திருக்க வேண்டியது சில எண்கள்தான்:

சிறுகீரை – 25 நாள்.
முள்ளங்கி – 45 நாள்.
வெண்டை – 45 நாளில் தொடங்கி 90 நாள் வரை.
கொத்தவரை, பாகல், பீர்க்கு, புடலை – ஏறக்குறைய 60 நாளில் தொடங்கும்.
தக்காளி – நாற்றங்காலில் 25 நாள், நட்டபின் 60 முதல் 70 நாள்.
கத்தரி – நாற்றங்காலில் 30 முதல் 35 நாள், நட்டபின் 55 முதல் 60 நாள்.

புரட்டாசி பல வீடுகளில் கவுச்சி சேர்க்காத மாதம். காய்த் தேவை கூடும். புரட்டாசி முதல் தேதிக்கு வெண்டை வேண்டும் என்றால் 45 நாள் பின்னே போங்கள்; சரியாக ஆடி 18 வருகிறது. ஆக, வெண்டையை நீங்கள் நல்ல நாளில்தான் போட்டீர்கள். அளவுதான் அதிகம். ஆனால் அதே புரட்டாசிக்குக் கத்தரி வேண்டும் என்றால் 90 நாள் பின்னே போக வேண்டும். அது ஆனி முதல் வாரம். பெருக்கு வரை காத்திருந்தால் கத்தரி ஐப்பசிப் பாதியில்தான் வரும்.

அளவு

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்கிறது. நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு 1.6 கிலோ. உருளை, வெங்காயம், கேரட் கடையில் வாங்குவதுதான். மற்றதில் பெரும்பகுதியைத் தோட்டத்திலிருந்து எடுக்கப் பார்க்கலாம்.

வெண்டையை ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளியில் ஊன்றினால் ஒரு பாத்திக்கு 25 செடி பிடிக்கும். ஒரு செடி ஆறு வாரத்தில் 200 கிராம் கொடுத்தாலும் வாரம் 800 கிராமுக்கு மேல் வரும். இரண்டு நாள் பொரியலுக்குப் போதும். குழிக்கு இரண்டு விதை என்றால் 50 விதை. 10 கிராம் வெண்டை விதையில் சுமார் 150 விதை இருக்கும். ஆக ஒரு பொட்டலம் மூன்று தவணைக்கு வரும். பொட்டலத்தைப் பிரித்தால் முழுவதையும் போட்டுத் தீர்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பொங்கல் வரை உங்கள் திட்டம்

மாதம் இரண்டு விதைப்பு நாள் போதும். இந்த இதழ் கைக்கு வரும் நாளையே விதைப்பு நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது. அந்த நாளில் சிறுகீரை ஒரு கால் பாத்தி கட்டாயம் போட வேண்டும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போடுங்கள். சுற்றிலும் ஒரு பிடி நொய்யைத் தூவிவிட்டால் எறும்பு விதையை விட்டு அதற்குப் போகும்.

ஆனி முதல் வாரம்: கத்தரி, மிளகாய் நாற்றங்கால். வெண்டை முதல் பாத்தி.
ஆனி பாதி: பந்தலில் பாகலோ புடலையோ நான்கு குழி. காற்று பலமாக அடிக்கும் காலம், கொடிக்குக் குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.
ஆடி முதல் வாரம்: கத்தரி நாற்று 12 நடவு. கொத்தவரை ஒரு பாத்தி.
ஆடி 18: வெண்டை இரண்டாம் பாத்தி. பந்தல் அவரை மூன்று குழி. பகல் குறைந்து பனி இறங்கும்போதுதான் இது பூக்கும். மார்கழி, தையில் காய் கிடைக்கும். மிளகாய் நடவும் இதையொட்டி முடியட்டும்.
ஆவணி: முள்ளங்கி, தட்டைப்பயறு.
புரட்டாசி முதல் வாரம்: வெண்டை மூன்றாம் பாத்தி. நீங்கள் காலியாகப் பார்த்த கார்த்திகைக்கு இதுதான் காய்.
புரட்டாசி கடைசி: பொங்கலுக்கான கத்தரி நாற்றங்கால்.
ஐப்பசி: மழை மாதம். கீரையும் கொத்தமல்லியும் மட்டும்.
கார்த்திகை முதல் வாரம்: தக்காளி நாற்றங்கால்.
கார்த்திகை 15: முள்ளங்கி. பொங்கலன்று பிடுங்கலாம்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று இருந்த பாத்தியில் அடுத்ததாக மற்றொன்றை நடாமல் கீரையோ பயறோ போடுங்கள்.

நாற்று அழுகாமல் இருக்க

மழைக்காலத்தில் திறந்த தரையில் நாற்று விடாதீர்கள். குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, மழை நேரடியாகப் படாத, வெளிச்சம் உள்ள தாழ்வாரத்தில் வையுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மக்காத பச்சைக் கழிவு நாற்றைச் சுண்டவைக்கும். விதையில் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி கலந்து ஊன்றுங்கள். கிலோவுக்கு 4 கிராம் என்பது கணக்கு. அப்படியும் தண்டு அடியில் சுருங்கி நாற்று சாய்ந்தால், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர் நனைய ஊற்றுங்கள்.

விதையைச் சோதித்துப் போடுங்கள்

பொட்டலத்தில் ஒட்டியுள்ள அட்டையைப் படியுங்கள். நீல அட்டை என்றால் சான்று விதை, பச்சை அட்டை என்றால் உண்மைநிலை விதை. குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளி, கத்தரிக்கு 70 சதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. காலாவதித் தேதி தாண்டியதை வாங்க வேண்டாம்.

வீட்டில் மிச்சமிருக்கும் விதை என்றால், பத்து விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். வெண்டையை ஒரு வாரத்திலும், கத்தரி, மிளகாயை இரண்டு வாரத்திலும் பிரித்துப் பாருங்கள். ஏழு முளைத்தால் வழக்கம்போல் போடலாம். ஐந்து என்றால் விதையைக் கூட்டிப் போடுங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் அந்த விதைக்காக ஒரு பாத்தியை வீணாக்காதீர்கள். மீதியை ஈரம் புகாத டப்பாவில், வாங்கிய மாதத்தை எழுதி வையுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு வீரிய ஒட்டு ரகம் தேவையில்லை. சாதா ரகம் போட்டால், நல்ல செடியில் இரண்டு காயை முற்றவிட்டு அடுத்த ஆண்டு விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு வீட்டுத் தோட்ட விதைத் தொகுப்பு வந்திருக்கிறதா என்றும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அடுப்படியில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு பக்கத்தில் விதைத்த தேதி, மறு பக்கத்தில் பறித்த காயின் எடை, அன்றைய சந்தை விலை. பொங்கலன்று கூட்டிப் பாருங்கள். புல்லா, காயா என்ற பேச்சை அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.