கடற்காற்று எத்தனை மணிக்கு?

பங்குனி பிறந்துவிட்டது. மொட்டை மாடிகளில் வடாம் காய ஆரம்பித்துவிட்டது. கூடவே, "இந்த வருஷம் வெயில் எப்படி இருக்கும்?" என்ற கேள்வியும் கிளம்பிவிட்டது. காய்கறிக்காரரைக் கேளுங்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாமியைக் கேளுங்கள், பதில் ஒன்றுதான்: "போன வருஷத்தைவிட மோசம்!" எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வருஷா வருஷம் இதே பதிலைத்தான் கேட்டு வருகிறேன்.

முறைப்படி பதில் சொல்வதற்கென்றே ஓர் இலாகா இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் ஏற்பட்டது. நம் சென்னையின் பெருமை அதற்கும் மூத்தது. நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சிக் கூடம் எழுந்தது 1792-ல்! நமக்கு இன்றும் வானிலைச் செய்தி நுங்கம்பாக்கத்திலிருந்துதான் வருகிறது. மார்ச் முதல் மே வரை வெப்பம் இயல்பை ஒட்டி இருக்குமா, கூடுமா என்று பிப்ரவரிக் கடைசி வாக்கிலேயே துறையினர் கணித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் அது மூன்று மாதத்துக்கான பொதுவான ஜாதகம். நாளைக்கு எத்தனை மணிக்குச் சமையலை முடிப்பது, பாட்டியை எந்த அறையில் படுக்க வைப்பது என்பதற்கெல்லாம் தினசரி அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எனக்கு அது தெரிந்தது ஒரு மே மாத மத்தியான்னத்தில்.

எங்கள் மாடி வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். அன்றைய அறிக்கையில் 38 டிகிரி என்று போட்டிருந்தது. "வெப்ப அலை" என்ற பேச்சே இல்லை. "வேலூரில் 41-ஆம், நமக்குத் தேவலை" என்று சொல்லிக்கொண்டோம். மூன்று மணி சுமாருக்கு மாடியிலிருந்து மருமகள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "அத்தை என்னென்னமோ பேசறாங்க. ஊருக்கு வண்டி வந்தாச்சான்னு கேக்கறாங்க!" போய்ப் பார்த்தால், தொட்ட கை சுடுகிறது. வயதானவர், ஏதோ பிதற்றுகிறார் என்று அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டார்களாம். ஈரத் துணியால் துடைத்து, விசிறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பாட்டி பிழைத்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்..." என்று டாக்டர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

வெப்ப அலை இல்லாத நாளில் இப்படி ஆவானேன்?

முதல் காரணம், அந்த வார்த்தையின் இலக்கணம். கடற்கரை ஊர்களில் வெப்பம் 37 டிகிரியைத் தொட வேண்டும்; அந்த நாளின் இயல்பைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்கவும் வேண்டும். அப்போதுதான் அதை வெப்ப அலை என்பார்கள். சென்னையில் மே மாத இயல்பே 37 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 41-ஐத் தாண்டினால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். ஆக, "வெப்ப அலை இல்லை" என்பதற்கு "ஆபத்து இல்லை" என்று நாமாக அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது காரணம் ஈரப்பதம். உடம்பு தன்னைக் குளிர்வித்துக் கொள்வது வியர்வையால்தான். வியர்த்தால் மட்டும் போதாது, அது உலரவும் வேண்டும். கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரம் சுமந்து வருவதால் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். 36 டிகிரி வெப்பத்தோடு 60 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு அது 45 டிகிரிக்கு மேல் என்று தோன்றும். உலர்ந்த ஊரின் 40 டிகிரியோ ஏறக்குறைய நாற்பதாகவே தோன்றும். வேலூரைப் பார்த்து நாங்கள் ஆறுதல் கொண்டது எவ்வளவு அசட்டுத்தனம்!

மூன்றாவது, கடற்காற்று. காலையில் தரை சீக்கிரம் சூடேறுகிறது; கடல் நிதானமாகத்தான் ஏறும். தரைக்கு மேலுள்ள சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. பங்குனியில் அநேகமாக மத்தியான்னத்துக்கு முன்பே வந்துவிடும். சித்திரை முடிந்து வைகாசி வரும்போது மேற்கிலிருந்து வீசும் காற்று பலத்துவிடுகிறது. அது கடற்காற்றை வாசலிலேயே தடுத்து நிறுத்துகிறது. சில நாள் இரண்டு மணி, மூன்று மணி ஆகும். சில நாள் வரவே வராது. நம் முன்னோர் கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றார்கள். மேற்கிலிருந்து வருவதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? கோடை! பருவத்துக்கும் காற்றுக்கும் ஒரே பெயர். 2003 மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. கோடைக்காற்றின் கை ஓங்கினால் கடலோர ஊரும் அந்த உயரத்துக்குப் போகும்.

ஆகவே அறிக்கையைப் பார்க்கும்போது உச்ச வெப்பத்தோடு நின்றுவிடாதீர்கள். ஈரப்பதம் எவ்வளவு? காற்று எந்தத் திசையிலிருந்து? இரவின் குறைந்தபட்ச வெப்பம் என்ன? இந்த மூன்றையும் பாருங்கள். இரவிலும் உஷ்ணம் இறங்காவிட்டால் உடம்புக்கு ஓய்வே இல்லை. மறுநாள் வெயில், களைத்த உடம்பின் மேல் விழுகிறது. "வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம்" என்ற ஒரு வரி அறிக்கையில் இருந்தால் அதை ஒதுக்காதீர்கள். நமக்கென்றே எழுதப்பட்ட வரி அது.

வீட்டில் செய்யக்கூடியது என்ன? மேற்குக் காற்று அடிக்கும் வரை அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தித் திரை போடுங்கள். கடற்காற்று வந்ததும் கிழக்கு ஜன்னலைத் திறவுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைதான் வீட்டிலேயே சூடான அறை. வயதானவர்களை மத்தியான்னம் அங்கே விடாதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் அவர்களுக்கு மணிக்கொரு தரம் தண்ணீரோ நீர்மோரோ கொடுங்கள். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உப்பும் தண்ணீரும் எவ்வளவு என்று டாக்டரை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இன்னொருவரையும் மறந்துவிடக் கூடாது. அடுப்படியில் நிற்பவர்! அறிக்கை சொல்லும் வெப்பம் நிழலில் அளந்தது. அடுப்பின் பக்கத்தில் அது எங்கேயோ போய்விடும். பத்து மணிக்குள் சமையலை முடித்துவிடுங்கள். "சூடாக ஒரு தோசை" என்று இரண்டு மணிக்குக் கேட்பவர்கள், தாங்களே வார்த்துச் சாப்பிடட்டும்.

யாருக்காவது உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் பேசினாலோ, "வயசாச்சு" என்று சும்மா இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் விட்டு நனைத்து விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அக்கினி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் ஆரம்பிக்கும். அதற்குள் மாடி வீட்டில் ஓர் ஏற்பாடு ஆகிவிட்டது. மத்தியான்னம் பாட்டிக்குக் கீழே எங்கள் கூடத்தில்தான் பாய். கிழக்கு ஜன்னலோரம் படுத்துக்கொண்டு தினமும் என்னைக் கேட்கிறார்: "என்னடி, காத்து வந்தாச்சா?"

நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டு வையுங்கள்.