அக்காளும் இரண்டு தம்பிகளும் அமெரிக்காவில் செய்த வேலை

அக்காள் ஆடுவார். ஒரு தம்பி மிருதங்கம் வாசிப்பார். இன்னொரு தம்பி புல்லாங்குழல் ஊதுவார். மூன்று பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அக்காள் பெயர் பாலசரசுவதி. தம்பிகள் ரங்கநாதன், விசுவநாதன். வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள். பாடகி ஜெயம்மாளின் மக்கள். இவர்கள் அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் செய்த காரியத்தை மணலூர்பேட்டைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அமெரிக்கா எங்கே, மணலூர்பேட்டை எங்கே என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

ஆற்றங்கரை ஊர்

அந்த நகரத்தின் பெயர் மிடில்டவுன். கனெக்டிகட் ஆற்றின் கரையில் இருக்கிறது. இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவில் மெலில்லி என்று ஓர் ஊர். அங்கிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் மிடில்டவுனில் ஏராளம். அவர்கள் புனித செபஸ்தியாருக்குக் கோவில் கட்டினார்கள். மே மாதத்தில் திருவிழா எடுக்கிறார்கள். ஆள் பலம் இருந்தது, கோவில் எழும்பியது.

தமிழர்களுக்கு அங்கே அந்த ஆள் பலம் இல்லை. 1963-ல் ரங்கநாதன் மிருதங்கத்தோடு போய்ச் சேர்ந்தார். அங்குள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக வைத்துக்கொண்டது. பாலசரசுவதி 1962-ல் முதன்முதலாக அமெரிக்காவில் ஆடினார். பிறகு பல முறை போனார். மிடில்டவுனிலும் தங்கி, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுத்தார். விசுவநாதன் 1958-லேயே லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போனவர். 1975-ல் வெஸ்லியனில் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே ஆசிரியராகவும் ஆனார்.

இவர்களிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர். அவர் 1965-ல் திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் பாடினார். ஜனங்கள் அவரை "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்றே அழைத்தார்கள்!

1970-களில் அந்தப் பல்கலைக்கழகத்தில் நவராத்திரி விழா தொடங்கியது. சுற்று வட்டாரத்தில் குடியேறிய நம்மவர்களுக்கு அது ஒரு கூடும் இடம் ஆயிற்று. கூட்டம் சேர்ந்து கலை வளர்ந்தது மெலில்லிக்காரர்கள் கதை. கலை வளர்ந்து கூட்டம் சேர்ந்தது நம்மவர்கள் கதை.

இங்கே என்ன நடந்தது?

பாலசரசுவதி பிறந்தது பரம்பரையாக ஆடிப் பாடிய குடும்பத்தில். 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. வேண்டிய சட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முறை மேல் இருந்த வெறுப்பு ஆட்டத்தின் மேலும், ஆடிய குடும்பங்களின் மேலும் விழுந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் பலர் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். பாலசரசுவதி கழற்றவில்லை. 1973-ல் சென்னை சங்கீத வித்வத் சபை அவருக்கு "சங்கீத கலாநிதி" பட்டம் கொடுத்தது. 1977-ல் பத்மவிபூஷண் கிடைத்தது.

அமெரிக்கர்கள் நம்மைவிட ரசிகர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் ஒன்று செய்தார்கள். வித்துவானுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாருக்கு நாற்காலி இருப்பதுபோல மிருதங்க வாத்தியாருக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். விஷயம் அவ்வளவுதான்.

இனி மணலூர்பேட்டைக்கு வருவோம்.

தை மாதம் 5-ந் தேதி தென்பெண்ணை ஆற்றில் திருவிழா. திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். மணல் தெரியாத கூட்டம். சாமிக்கு முன்னால் நாதசுரமும் தவிலும் வேண்டும். அன்று ஒரு நாள் வாசித்தவருக்குக் கூலி உண்டு. மறுநாள் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று நாம் கேட்பதில்லை. அண்ணன் நாதசுரம், தம்பி தவில் என்று இருந்த குடும்பங்களில் இன்று பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போகிறார்கள் என்றால், குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை.

விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. திருக்கோவிலூர் வழியாகப் பஸ்சில் போய்ப் படிக்கலாம். படித்து வந்தபின் வேலை?

பள்ளிக்கூடத்தில் வாரம் இரண்டு மாலை, ஒரு நாதசுரக்காரரும் ஒரு தவில்காரரும் சொல்லிக்கொடுக்கட்டும். தெருக்கூத்து வாத்தியார் இருந்தால் அவரும் வரட்டும். மாதச் சம்பளம் கொடுக்கவேண்டும். கோவிலும், பேரூராட்சியும், வெளியூரில் சம்பாதிக்கும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்தால் இது பெரிய தொகை அல்ல. வாணவேடிக்கைக்கு ஆகும் பணத்தில் ஒரு பங்கு போதும்.

"படிக்கிற பிள்ளைக்குத் தவில் எதற்கு?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விசுவநாதன் குழலையும் விடவில்லை, டாக்டர் பட்டத்தையும் விடவில்லை. இன்னொன்று: ஒரு வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் சேர்க்காதீர்கள். இரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். அண்ணன் தாளம் தவறினால் தங்கை சும்மா விடுவாளா?

பாலசரசுவதி 1984-ல் காலமானார். ரங்கநாதன் 1987-ல், விசுவநாதன் 2002-ல். ரங்கநாதனிடம் பாடம் கேட்ட அமெரிக்கர் ஒருவர் மிடில்டவுனில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். விசுவநாதனின் சீடரான ஒரு தமிழர் பாட்டு வகுப்பை எடுத்துக்கொண்டார்.