மூன்றாவது கண்ணுக்கும் வெளிச்சம் வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர், தென்னேரி)

இரவில் நாய் குரைத்தால் திண்ணையில் படுத்திருக்கும் பெரியவர் எழுந்து, "யாரப்பா அது?" என்று குரல் கொடுப்பார். நெடுங்காலம் நம் கிராமங்களுக்கு அந்தக் குரலே காவலாக இருந்தது. இன்று திண்ணைகள் குறைந்துவிட்டன. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு இரவு ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பெரியவர் இருந்த இடத்தில், சுவரின்மேல் ஒரு கண்காணிப்புக் கேமரா ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் மட்டும் இருந்த அந்தக் கருவி, இப்போது ஓட்டு வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

சென்னையில் ஏ.கே.விசுவநாதன் அவர்கள் காவல் ஆணையராக இருந்தபோது, 'மூன்றாவது கண்' என்ற பெயரில் காவல்துறை ஓர் இயக்கமே நடத்தியது. வணிகர்களும் பொதுமக்களும் கேமரா பொருத்தும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். 2020-இல் வெளிவந்த உலக நகரங்களின் ஒப்பீடு ஒன்று, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்கள் என்று கணக்கிட்டுச் சென்னைக்கு முதலிடம் தந்தது. எண்ணிக்கையில் நாம் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் இந்தக் கண்களில் எத்தனை, நள்ளிரவில் ஒரு மனிதனின் முகத்தைத் தெளிவாகக் காட்டும்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. தெளிவில்லாத கேமரா, கேமரா இல்லாததைவிடத் தீங்கானது என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் விஞ்ஞானத்தைப் பார்ப்போம். 1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். வெப்பநிலை ஏறியது. அப்படிக் கண்டறியப்பட்ட அகச்சிவப்புக் கதிர்தான் இன்றைய இரவுக் கேமராவுக்கு விளக்கு. நம் கண் ஏறத்தாழ 700 நானோமீட்டர் வரையில்தான் பார்க்கும். கேமராவில் உள்ள சிறு எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 850 நானோமீட்டர் கதிரை வீசுகின்றன. அதனுள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு அதைப் பார்க்கிறது. ஆகவே வீட்டில் மாட்டும் கேமரா இருட்டில் பார்க்கிறது என்பது சரியல்ல. நமக்குத் தெரியாத டார்ச்சு ஒன்றை அது கையில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த டார்ச்சும் வகுப்பில் நாம் படித்த எதிர்விகித இருமடி விதிக்குக் கட்டுப்பட்டதே. 5 மீட்டரில் விழும் ஒளியில் 16-இல் ஒரு பங்குதான் 20 மீட்டரில் விழும். பெட்டியின்மேல் '30 மீட்டர்' என்று அச்சிட்டிருந்தால், 30 மீட்டரில் முகம் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏதோ ஓர் உருவம் அசைகிறது என்று தெரியலாம்.

அடுத்தது லென்ஸ் கணக்கு. முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும் என்றது 2014-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலை. தெரிந்த ஆளைக் கண்டுகொள்ள 125 போதும். 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்குவாட்டில் 1,920 புள்ளிகள் உண்டு. 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால், 10 மீட்டர் தூரத்தில் 20 மீட்டருக்கு மேற்பட்ட அகலம் படத்தில் அடங்கிவிடும். வகுத்துப் பாருங்கள்; மீட்டருக்கு 100 புள்ளிகூடத் தேறாது. 6 மில்லிமீட்டர் லென்ஸில் அதே தூரத்தில் சுமார் 10 மீட்டர் அகலம்தான் விழும். மீட்டருக்கு 190 புள்ளிகள் கிடைக்கும். "தெரு முழுக்கத் தெரியணும்" என்று நாம் கடையில் கேட்கிறோம். தெரு தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. "வாசற்படியில் நிற்பவர் முகம் தெரியணும்" என்று கேட்பதே அறிவுடைமை.

வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். 25-இல் ஒரு பங்கு நொடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் அதற்குள் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம்பர் பலகை வெறும் வெள்ளைக் கோடாகத்தான் விழும்.

மாட்டும் இடமும் முக்கியம். 15 அடி உயரத்தில் வைத்தால் தலை உச்சிதான் தெரியும். 8 முதல் 10 அடி போதுமானது. வெள்ளைச் சுவரையோ சன்ஷேடையோ ஒட்டி வைத்தால், கேமராவின் கதிர் அங்கேயே பட்டுத் திரும்பி, எதிரே உள்ளதை இருட்டாக்கிவிடும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே வைத்தாலும் அதே கதிதான். தெருவிளக்கை நேருக்கு நேர் பார்க்கும்படி வைக்கக் கூடாது. விளக்கு கேமராவின் முதுகுப் பக்கம் இருந்து, வருகிறவர் முகத்தில் ஒளி விழ வேண்டும். லென்ஸின்மேல் சிலந்தி கட்டும் வலையையும், மழை விட்டதும் மொய்க்கும் ஈசலையும் துடைக்க ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் ஒரு சாதாரண எல்.இ.டி. பல்பு எரிந்தால், விலை மலிந்த கேமராவும் நன்றாகப் பார்க்கும். விளக்கடியில் இருட்டு என்பது பழமொழி. நாமோ விளக்கே இல்லாமல் கண்ணை மட்டும் வாங்குகிறோம்!

"கேமரா இருக்கிறது என்று தெரிந்தாலே திருடன் அஞ்சுவானே, அது போதாதா?" என்று சில நண்பர்கள் கேட்கலாம். கொல்லைப் பொம்மைக்குக் காக்கை எத்தனை நாள் அஞ்சும்? தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருகிறவனுக்கு மங்கலான கேமரா ஒரு பொருட்டே அல்ல. அதனால் துன்பப்படப் போகிறவன் வேறொருவன்.

அகச்சிவப்பு ஒளியில் நிறங்கள் மாறிவிடும். கறுப்புச் சட்டை வெளுத்துத் தெரியலாம். பச்சை இலை வெள்ளை வெளேரென்று தெரியும். இதை அறியாமல் மங்கிய உருவம் ஒன்றைக் கைப்பேசியில் பத்துப் பேர் பார்த்தால் என்ன நடக்கும்? "நடை அவன் நடை மாதிரி இருக்கிறது" என்பார் ஒருவர். "அந்தத் தெருக்காரன்தான்" என்பார் மற்றொருவர். வடக்கிலிருந்து பிழைக்க வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் தொழிலாளிமேல் பழி விழும். படத்தில் இல்லாத முகத்தை நம் மனத்தில் உள்ள வெறுப்பு வரைந்துவிடும். இது வெறும் கற்பனையன்று. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துகிறவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, போளூர் அருகே கோயிலுக்கு வந்த குடும்பத்தை மக்கள் தாக்கினார்கள். மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். ஆதாரமில்லாத ஐயம் அவ்வளவு செய்யும் என்றால், 'ஆதாரம்' என்று பெயர் சூட்டிய மங்கல் படம் என்னதான் செய்யாது?

படம் எடுத்தால் மட்டும் போதாது, அதை வைத்திருக்கவும் வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தக் காவல் நிலையத்துக் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று நீதித்துறை நடுவர் அறிக்கை தந்தார். அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், மற்றொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் இரவிலும் காணும் கேமரா வேண்டும் என்றும், பதிவை ஓராண்டாவது காக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மின்சாரம் இல்லாத இடத்தில் சூரிய சக்தியைக் கொண்டாவது மின்சாரம் தர வேண்டும் என்றும் சொன்னது. காவல் நிலையத்துக்குப் பொருந்தும் இந்த அறிவு வீட்டுக்கும் பொருந்தும். மின்வெட்டு வந்தால் இயங்குமா, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கேட்டு வாங்க வேண்டும். அடுத்த வீட்டு முற்றத்தையும் குளியலறையையும் பார்க்காதபடி திருப்பி வைப்பதும் நம் கடமையே.

நம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பிறர் பொருளைக் கவர்ந்தவரும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அவை விதிக்கின்றன. ஊர்ப் பொதுவில் கேமரா வைக்கும்போதும் இந்த முறையைப் பின்பற்றினால் என்ன? பதிவு யார் கையில் இருக்கும், யார் பார்க்கலாம், எப்போது அழிக்கலாம் என்பதைக் கிராம சபையில் வைத்து முடிவு செய்யட்டும். பத்துக் கேமராவுக்குப் பணம் ஒதுக்கும் முன், அணைந்து கிடக்கும் தெருவிளக்குகளை எரிய வைக்கட்டும்.

இயற்பியல் படிக்கும் நண்பர்களே, நாமும் ஒரு தொண்டு செய்யலாம். இரவு பத்து மணிக்கு வாசல் விளக்கை அணைத்துவிட்டு, நம்மில் ஒருவரைக் கேமரா முன்னால் நிறுத்துவோம். படத்தை, நின்றவர் யார் என்று அறியாத இன்னொருவரிடம் காட்டுவோம். அவரால் பெயர் சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கேமரா நாளைக்கு யாரையும் திருடன் என்று சொல்லத் தகுதியற்றது. அதை அந்த வீட்டாரிடம் சொல்லி, கையோடு ஒரு பல்பையும் மாட்டிவிட்டு வருவோம்.