அழுதவர்கள் டிக்கெட் வாங்கினார்களா?

இங்கிலாந்தில் எந்தக் கிராமத்து ரயில் மறைந்திருந்தாலும் பழியை டாக்டர் பீச்சிங் தலையில் போட்டுவிடுவது வழக்கம். நஷ்டப் பாதைகளை மூடச் சொல்லி 1963-ல் அறிக்கை எழுதியவர் அல்லவா? ஒரு வில்லன் அகப்பட்டுவிட்டால் கதை சுலபமாகிவிடும். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். ஆனால், டெவன் ஜில்லாவில் ஓடிய லிண்டன்-பார்ன்ஸ்டபிள் ரயில் மூடப்பட்டது 1935-ல். அப்போது வில்லன் யார்?

அந்த ரயிலுக்கும் கதை வாசகர்களுக்கும் ஓர் உறவு உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வெளியிட்ட 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையின் அதிபர் ஸர் ஜார்ஜ் நியூன்ஸ்தான் அதை முன்னின்று உண்டாக்கியவர். 1898-ல் திறந்தார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டடிகூட இடைவெளி இல்லை. 19 மைல் தூரத்தை மலைச் சரிவுகளில் வளைந்து வளைந்து கடக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதன் புகைப்படங்களைப் பார்த்து உருகியவர்களில் நானும் ஒருவன்.

மூடப் போகிறார்கள் என்றதும் பார்ன்ஸ்டபிளில் கண்டனக் கூட்டம் கூட்டினார்கள். லிண்டன் பிரமுகர்களும் வந்து சேர்ந்தார்கள். எதில் வந்தார்கள் தெரியுமா? மோட்டார் காரில்! ரயிலைக் காப்பாற்றப் புறப்பட்டவர்களுக்கு ரயிலில் வரப் பொறுமை இல்லை.

செப்டம்பர் 29-ந் தேதி, கடைசி வண்டிக்கு மட்டும் கூட்டத்துக்குக் குறைவில்லை. மறுநாள் ஸ்டேஷனில் மலர் வளையம் வைத்தார்கள்!

"காலம் மாறிவிட்டது, ஜனங்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். லிண்டன் ஸ்டேஷன் ஊருக்கு மேலே குன்றில் இருந்தது. பெட்டி படுக்கையோடு ஏறுவது சிரமம். "எங்களுக்குக் கார்தான் சௌகரியம்" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். கையால் கழுத்தை நெரித்துவிட்டு, அதே கையால் மாலை போட்டார்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

2004-ல் வுடி பே ஸ்டேஷனிலிருந்து ஒரு சிறு துண்டுப் பாதையில் மறுபடியும் ரயில் ஓடிற்று. 69 வருஷங்களுக்குப் பிறகு அதை ஓட வைத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்களுடைய ஞாபகத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

மற்றபடி, "அந்தக் காலம் போயிற்றே!" என்று பெருமூச்சு விடுகிறவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: அது இருந்தபோது எத்தனை தடவை டிக்கெட் வாங்கினீர்கள்?

என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.