வண்டிக்குள் வெளிச்சம் குறையட்டும், வழி தெளிவாகட்டும்

விளைபொருளை விடிவதற்குள் சந்தையில் சேர்க்க வேண்டியிருப்பதால், நமது விவசாயிகளின் பயணம் பெரும்பாலும் இரவு நேரத்திலேயே நடைபெறுகிறது. ஏரல், குரும்பூர் வட்டார வாழைத்தாரும், ஆத்தூர் வெற்றிலையும், சாத்தான்குளம் முருங்கைக்காயும் இருட்டில்தான் சாலை ஏறுகின்றன. முன்பெல்லாம் லாரிக்காரரிடம் சரக்கை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பிய விவசாயி, இன்று குட்டியானையையோ டிராக்டரையோ சொந்தமாக வைத்துத் தாமே ஓட்டிச் செல்கிறார். மோட்டார் போடுவதற்காக நள்ளிரவில் மொபெட்டில் தோட்டத்துக்குப் போகிறவர்களும் உண்டு.

இவ்வாறு இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள், எதிரே வரும் லாரியின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது என்று குறை கூறுவதைக் கேட்கிறோம். குறை நியாயமானதே. ஆயினும், தமது முகத்துக்கு எதிரே இரண்டு முழ தூரத்தில், பயணம் முழுவதும் எரிந்துகொண்டே இருக்கும் டேஷ்போர்டு விளக்குகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. எதிர் வண்டியின் வெளிச்சம் சில நொடிகளில் கடந்துவிடும். அதை அணைப்பது நம் கையிலும் இல்லை. டேஷ்போர்டு விளக்கோ வழி நெடுகக் கூடவே வருகிறது. அதைக் குறைப்பது முற்றிலும் நம் கையில் இருக்கிறது. எனவே, இரவில் வழி நன்றாகத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர், வெளியே விளக்கைக் கூட்டுவதற்கு முன்னால் உள்ளே விளக்கைக் குறைக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

இருட்டுக்குப் பழகும் கண்

கண்ணின் விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் பகல் வெளிச்சத்தில் நிறங்களையும் நுட்பமான விவரங்களையும் காட்டுகின்றன. குச்சி செல்கள் மங்கலான வெளிச்சத்தில் உருவங்களைக் காட்டுகின்றன. குச்சி செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி உள்ளது. இது வெளிச்சம் பட்டால் சிதைந்து, இருட்டில் மெதுவாக மீண்டும் உருவாகிறது. கோடைக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இறைத்தால் விரைவில் வற்றிவிடும். மறுபடி ஊறுவதற்கு நேரம் பிடிக்கும். அதுபோலவே, கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. பிரகாசமான வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் சிறிது நேரத்தில் கெட்டுப்போகிறது.

ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஓட்டும்போது நமது கண் முழு வெளிச்சத்திலும் இல்லை, முழு இருட்டிலும் இல்லை. இருவகைச் செல்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. சாலை ஓரத்தில் நடந்து போகிறவர், குறுக்கே வரும் ஆடு, விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லர் ஆகியவற்றை முதலில் நிழல்போலக் காட்டிக்கொடுப்பதில் குச்சி செல்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. அருகில் ஒரு கூர்மையான வெளிச்சம் இருந்தால், அது கண்ணுக்குள் சிதறி மெல்லிய பனிமூட்டம்போலப் பரவி, இந்த நிழல் உருவங்களை மறைத்துவிடுகிறது.

நீல விளக்கின் தொல்லை

டேஷ்போர்டு விளக்குகளில் அதிகத் தொல்லை தருவது, பிரைட் போட்டிருப்பதைக் காட்டும் நீல விளக்கு. பழைய வண்டிகளில் இது நீலப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மினுக்கும் சிறு பல்பாக இருந்தது. அதன் ஒளி மங்கலானது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்.இ.டி. உருவாக்கப்பட்டது. அந்த வேலைக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளை எல்.இ.டி. பல்புகள் நம் வீடுகளுக்கு வந்ததும் இதன் பயனே. ஆனால் மிளகளவு உள்ள அந்த விளக்கை டேஷ்போர்டில் பொருத்தியபோது, பகலில் தெரிவதற்கு வேண்டிய ஒளியை இரவிலும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

குச்சி செல்கள் நீலம் கலந்த பச்சை ஒளியையே மிக நன்றாக உணர்கின்றன. அடர்சிவப்பை அவை அநேகமாக உணர்வதில்லை. ஆகவே, பகலில் சாதுவாகத் தெரிகிற நீல விளக்கு இருட்டில் பல மடங்கு பிரகாசமாகத் தோன்றுகிறது. சாலை இருண்டிருக்கிறது என்றுதான் பிரைட் போடுகிறோம். அதே நேரத்தில் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும் எரியத் தொடங்குகிறது. இது வேடிக்கையான முரண்பாடுதான்.

வயதானவர்களுக்கு இத்தொல்லை அதிகம். வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது. லென்சும் பழுப்பேறி மங்குகிறது. 20 வயதுக்காரரின் விழித்திரைக்குச் செல்லும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே 60 வயதுக்காரருக்குச் சென்று சேருகிறது. மகன் ஓட்டும்போது உறுத்தாத விளக்கு தகப்பனாருக்கு உறுத்துவது இதனால்தான்.

சாலையில் இருப்பவர்கள் யார்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். டிம் வெளிச்சத்தில் சுமார் 40 மீட்டர் வரை வழி தெரிவதாக வைத்துக்கொண்டால், அந்தத் தூரம் இரண்டரை நொடிக்குள் முடிந்துபோகும். ஒரு நொடி தாமதமாகப் பார்த்தால் பிரேக் போட இடம் இருக்காது.

நமது முத்துக்குளித்துறைக் கடற்கரையில், உப்பளத் தொழிலாளர்கள் வெயிலுக்கு முன் வேலையை முடிப்பதற்காக விடியலுக்கு வெகு முன்பே சைக்கிளிலும் நடையாகவும் புறப்படுகிறார்கள். ஆண்களும் பெண்களுமாக அவர்கள் சாலை ஓரத்தில்தான் வருகிறார்கள். உள்நாட்டுக் கரிசல் பகுதியிலோ, கறுத்த மண் ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பித் தராமல் விழுங்கிவிடுகிறது. அங்கே ஆட்டுக்கிடைக்குப் போகிறவர்களும், காட்டிலிருந்து தாமதமாகத் திரும்புகிறவர்களும் இருட்டோடு இருட்டாக நடக்கிறார்கள். ஓட்டுகிறவரின் கண் தெளிவாக இருந்தால்தான் இவர்கள் பத்திரமாக வீடு திரும்ப முடியும்.

கப்பலில் உள்ள பாடம்

1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடமிருந்து நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. இரவில் கப்பல் ஓடும்போது, அதைச் செலுத்தும் மேல்தளத்து அறையை இருட்டாகவே வைத்திருப்பார்கள். கருவிகளின் வெளிச்சத்தைப் படிக்க முடிகிற அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். வரைபடம் பார்க்கும் மேசையில் மங்கலான சிவப்பு விளக்குப் போடுவது வழக்கம். இரவுக் காவலுக்கு வருகிறவர், கண் இருட்டுக்குப் பழகிய பிறகே பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பல கோடி ரூபாய்க் கப்பலுக்குப் பொருந்தும் இந்த விதி நமது குட்டியானைக்கும் பொருந்தும்.

நீங்களே செய்து பாருங்கள்

வேளாண் விரிவாக்கப் பணியில் செயல்விளக்கத்துக்கு இணையானது எதுவும் இல்லை. நிலவில்லாத ஓர் இரவில், போக்குவரத்து இல்லாத தோட்டத்துப் பாதையில் வண்டியை நிறுத்தி, பிரேக் போட்டுக்கொள்ளுங்கள். முப்பது அடி முன்னால் பாதை ஓரத்தில் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். பத்து நிமிடம் இருட்டில் இருந்தபின் ஹெட்லைட்டைப் போட்டு, டேஷ்போர்டை ஒரு துண்டால் மூடிக்கொண்டு துணியைப் பாருங்கள். பிறகு துண்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் உங்கள் வண்டிக்கு வைத்தியம் தேவை.

செய்ய வேண்டியவை

முதலில், வெளிச்சம் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் ஹெட்லைட் சுவிட்சுக்கு அருகில் சிறு சக்கரமோ திருகோ இருக்கும். எண்கள் ஒளிரும் மீட்டர் உள்ள வண்டிகளில் பொத்தானை அழுத்திக் குறைக்கலாம். வண்டியோடு வந்த கையேட்டில் இதற்கான விளக்கம் இருக்கும்.

அந்த வசதி இல்லையென்றால், பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பைச் சிறிதாக வெட்டி நீல விளக்கின் மேல் ஒட்டுங்கள். ஒன்று போதாவிட்டால் இரண்டு அடுக்கு ஒட்டலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித பிளாஸ்திரியும் ஒளியைப் பரவவிட்டுக் கூச்சத்தைத் தணிக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் அடியோடு மூடுவது தவறு. பிரைட் எரிவது தெரியாமல் போனால், எதிரே வருகிறவருக்கு நீங்கள் தொல்லை ஆகிவிடுவீர்கள்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆயில் பிரஷர், எஞ்சின் சூடு, பேட்டரி சார்ஜ், பிரேக் ஆகியவற்றின் விளக்குகளை எக்காரணம் கொண்டும் மூடவோ கழற்றவோ கூடாது. இவை சாதாரண நேரத்தில் எரிவதில்லை. எரிந்தால் ஆபத்து என்று பொருள். ஆயில் விளக்கைக் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பத்து ரூபாய் டேப், பெருந்தொகைச் செலவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

டேஷ்போர்டில் நாமாகச் சேர்க்கும் வெளிச்சங்களையும் குறைக்க வேண்டும். சாமி படத்தைச் சுற்றி மின்னும் சீரியல் விளக்கு, பாட்டுப்பெட்டியின் வண்ண விளக்கு, வழி காட்டும் செல்போனின் திரை எல்லாமே கண்ணுக்குப் பகை. ஓடும்போது சாமி விளக்கை அணைத்து வைப்பதால் தெய்வக் குற்றம் ஏதும் வராது. செல்போன் வெளிச்சத்தைப் புறப்படும் முன்பே குறைத்துவிடுங்கள்.

நம் பகுதியில் உப்புக்காற்று கண்ணாடியில் படிந்துவிடும். அழுக்கான கண்ணாடி வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஆகவே முன்கண்ணாடியை வெளியில் மட்டுமின்றி உட்புறமும் துடையுங்கள். டேஷ்போர்டின் மேல் வெள்ளைத் துண்டு, செய்தித்தாள் முதலியன இருந்தால் அவற்றின் பிம்பம் கண்ணாடியில் விழும். டீக்கடை வெளிச்சத்திலிருந்து வந்தவுடன் வண்டியை எடுக்காமல் சில நிமிடம் பொறுத்திருப்பதும், எதிர் வெளிச்சம் வரும்போது சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுவதும் நல்ல பழக்கங்கள்.

குச்சி செல்களின் நிறமிக்கு வைட்டமின் ஏ தேவை. அது உருவாகும் கரோட்டின் சத்து முருங்கைக்கீரையில் நிறைய உள்ளது. காயைச் சந்தைக்கு அனுப்பும் வீட்டில் கீரை தட்டுக்கு வரட்டும். ஆனால் இரவில் பார்வை தடுமாறுகிறவர், கீரையோடு நிறுத்திக்கொள்ளாமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளருக்கும் துறைக்கும்

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, ஹெட்லைட் எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கின்றன. ஓட்டுகிறவரின் கண்ணுக்கும் அதே அக்கறை காட்டப்பட வேண்டும். வெளிச்சம் குறைக்கும் திருகு, விலை உயர்ந்த காருக்கு உரிய அலங்காரம் அன்று. விலை குறைந்த சரக்கு வண்டிக்கும், டிராக்டருக்கும், மொபெட்டுக்கும் அதுவே அதிகம் தேவை; ஏனெனில் இரவெல்லாம் உழைப்பவை இவைதாம். வண்டி வாங்கப் போகும் விவசாயிகள், மைலேஜையும் இழுவைத் திறனையும் கேட்பதுபோல, இதையும் கேட்க வேண்டும். கேட்காத வசதியை எந்தத் தயாரிப்பாளரும் தானாகக் கொடுப்பதில்லை.

டிராக்டர் பயிற்சிகள் பகலில் தொடங்கிப் பகலிலேயே முடிந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு மணி நேரத்தை இருட்டிய பிறகு ஒதுக்கி, டேஷ்போர்டு வெளிச்சம், டிம் போடும் முறை, டிரெய்லருக்குப் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒட்டுவது ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும். இதற்குத் தனிச் செலவு தேவையில்லை.

எதிர் வெளிச்சம், தூக்கக் கலக்கம், குடி ஆகியவை இதைவிடப் பெரிய ஆபத்துகள் என்பதை மறுக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் பெருமுயற்சி வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு துண்டு டேப்பும் அரை மணி நேரமும்தான். அடுத்த சரக்கு ஏற்றுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.